ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு

கிட்ட வந்து உட்காருங்கள். நாற்காலியை இழுக்க வேண்டாம், சத்தம் கேட்டால் ஆள் வந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதைக்குச் சொந்தக்காரருக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. எந்த நிமிஷம் எந்தக் கதவில் தலையை நீட்டுவார் என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் அவருக்குச் சக்கரத்தார் என்று பெயர் வந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் கை காய்வதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருவார். முடி வெட்டப் போனால் பாதித் தலையோடு எழுந்து, தெருவில் என்ன கூட்டம் என்று விசாரித்துவிட்டு வருவார். அந்தக் கடைக்காரர் ஊருக்கெல்லாம் ஒரே மூச்சில் வெட்டுவார், இவருக்கு மட்டும் இரண்டு தவணை.

தொழில் பைண்டிங். அச்சடித்து வருகிற தாள்களைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டுப் புத்தகமாக்குகிற பட்டறையில் முப்பது வருஷம். மாவும் மயில்துத்தமும் போட்டு அவர் காய்ச்சுகிற பசைக்குப் பேர் உண்டு. "என் பசை ஒட்டினா ஒட்டினதுதான். அட்டை கிழியும், தாள் கிழியும், பசை விடாது" என்பார். அந்தப் பசையில் ஒரு டப்பாவை வீட்டு ஜன்னலோரத்திலும் வைத்திருந்தார். சும்மா இருக்கத் தெரியாத கைக்குப் பக்கத்தில் பசை டப்பா இருந்தால் என்ன ஆகும்? அறுந்த செருப்பு, உடைந்த கோப்பை, ஓடாத கடிகாரம், எல்லாவற்றையும் ஒட்டினார். மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் சின்ன விரிசல் இருந்தது. அதையும் ஒட்டினார். கண்ணாடி உள்ளே இருந்தது.

"என்னங்க, கூடு திறக்க மாட்டேங்குது."

"பார்த்தியா, எப்படிப் பிடிச்சிருக்கு."

"கண்ணாடி உள்ள இருக்குங்க."

"பத்திரமா இருக்குன்னு சொல்லு."

மனைவியைத் தெருவில் மடிப்பக்கா என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அச்சகத்தில் தாள் மடித்தவள். அது என்ன பெரிய வித்தை என்று கேட்காதீர்கள். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. விரித்துப் பார்த்தால் தலையும் புரியாது, காலும் புரியாது. ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் சம்பந்தி மாதிரி நின்றுகொண்டிருக்கும். மேல் வரிசை முழுக்கத் தலைகீழ். மூன்று மடிப்பு மடித்தால் எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வந்து உட்காரும். அந்த மூன்று மடிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மடிப்பாள். மடிப்பை நீவ மரத்தில் இழைத்த வழவழப்பான பட்டை ஒன்றை இருபத்தைந்து வருஷமாக அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்தாள். எடுப்பாள், கட்டை விரலால் தடவுவாள், திரும்ப வைப்பாள். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், அடுத்த தெருப் பெரிய அச்சகத்து மேனேஜரம்மா வீடு தேடி வந்துவிட்டார்.

"அக்கா, மடிப்பு மேடைக்குப் பொறுப்பா ஆள் வேணும். பன்னிரண்டு பொண்ணுங்க இருக்காங்க. கையில வேகம் இருக்கு, பக்குவம் இல்லை. உங்களைத்தான் எல்லாரும் சொல்றாங்க. திங்கட்கிழமை வந்துடுங்க. வேலைச் சீட்டுல நாலு இங்கிலீஷ் வார்த்தை வரும், அது தானாப் பழகிடும்."

அவர் போனதும் மடிப்பக்கா காய் நறுக்கப் போனாள். நறுக்குகிற சத்தமே வேறு மாதிரி இருந்தது. சக்கரத்தார் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். பதினொரு அடி போக, பதினொரு அடி வர.

"போகப்போறியா?"

"போகலாம்னு இருக்கேன்."

"நல்லது, நல்லது" என்றார். மனசுக்குள் இடி.

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். இவளும் காலையில் கிளம்பிவிட்டால் சீப்பு எங்கே என்று யாரைக் கேட்பது? வெந்நீர் யார் வைப்பது? வேண்டாம் என்று சொல்லலாம்தான். சொல்ல முடியாது. மாடி வீட்டில் மருந்துக்கடைக்காரர் இருந்தார். மடிப்பக்காவை வாய் நிறையத் தங்கச்சி என்பவர். போன வாரம்தான் சக்கரத்தார் அவரிடம் மார்தட்டியிருந்தார்: "மச்சான், என் வீட்டுல பொம்பளைக்கு முழுச் சுதந்திரம். நான் எதுக்கும் குறுக்கே நிக்கிறதில்லை." குறுக்கே நிற்க முடியாவிட்டால் என்ன, குறுக்கு வழி இருக்கிறதே என்று பதினொன்றாவது அடியில் அவருக்குத் தோன்றியது. மேனேஜரம்மா கடைசியாகச் சொன்ன நாலு இங்கிலீஷ் வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கெட்ட நேரமோ நல்ல நேரமோ, வியாழக்கிழமை பட்டறைக்கு ஒரு புத்தகம் வந்தது. தினம் புழங்குகிற இங்கிலீஷ் வார்த்தைகளும் எளிய அர்த்தமும். பக்கத்துக்கு ஒரே வார்த்தை, கொட்டை எழுத்தில். கீழே தமிழில் இரண்டு மூன்று அர்த்தம். ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தம் இருக்கும் என்று சக்கரத்தாருக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்ததும் திட்டமும் பிறந்துவிட்டது. கழிவில் போட்டிருந்த நல்ல தாள் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் சுருட்டிக்கொண்டார்.

வேறு யாராவது என்றால் அந்தத் தாளை மடித்து, ஓரம் வெட்டி, ஒரு மூலையில் உட்கார்ந்து படித்திருப்பார்கள். நம்முடைய ஆளுக்கு உட்காருகிற பாகம்தான் வராதே. நடந்துகொண்டே படிக்க வேண்டும். நடக்கும்போது கண்ணில் பட வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்தார், உள்பக்கம் பசையைத் தடவினார், தாளை விரித்தபடியே பளிச்சென்று ஒட்டினார். தட்டிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது.

முப்பது வருஷம் தாளோடு வாழ்ந்த மனுஷன். ஒரு பக்கத்தை ஒட்டினால் இன்னொரு பக்கம் கதவோடு போய்விடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பசையைப் பார்த்த சந்தோஷம் அப்படி.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்.

"இந்தா பாரு, பொறுப்புன்னா சும்மா இல்லை. இங்கிலீஷ் வேணும். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னா யாரும் சொல்லிடலாம். அதுக்குள்ள ரெண்டு இருக்கும், மூணு இருக்கும். சீட்டுல வந்தா நீ எதுன்னு எடுத்துப்பே?"

"நீங்க சொல்லிக் கொடுங்களேன்."

"ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைக்கிறேன். எட்டு வார்த்தை. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு அர்த்தம். சொல்லிட்டா ராஜாத்தி மாதிரி வேலைக்குப் போ. சொல்லலைன்னா அந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

"சரி. நானும் உங்களை ரெண்டு கேட்கலாமா?"

"ரெண்டு என்ன, இருபது கேளு."

"நீங்க சொல்லலைன்னா?"

சக்கரத்தார் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நான் சொல்லலைன்னா, நீ வேலைக்குப் போ, உன் வீட்டு வேலை பூரா நான் பார்க்கிறேன். அடுப்பு, பாத்திரம், துணி, எல்லாம்."

"மாடி அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கலாமா?"

"தாராளமா."

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து ஒரே பாராயணம். அலமாரியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார், நடப்பார். கீழ் வரிசையை நிமிர்ந்து படித்தார். மேல் வரிசை தலைகீழாக நின்றதால் கழுத்தை வாத்து மாதிரி வளைத்துப் படித்தார். கழுத்தில் சுளுக்கு. சுளுக்கோடு நடந்தார்.

"மேட்ச், பிளேட், பிரஸ், லைட்... நோட், ஆர்டர், பாஸ், மைன்..."

பல் விளக்கும்போது அதே எட்டு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போடும்போது அதே எட்டு. அதே வரிசை.

மடிப்பக்கா உலர்ந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும், எழுத்துக் கூட்டினால் சின்ன வார்த்தை வரும், அவ்வளவுதான். ஆனால் காது கூர்மை. மேட்ச், அது எம். அடுத்து பிளேட், பிரஸ், பி-யும் பி-யும். அதற்கப்புறம் லைட்டா? எல் எம்-முக்கு முன்னால் அல்லவா வரணும்? அகராதி எழுதுகிற மனுஷன் ஏன் நடுவில் ஆரம்பித்து, கடைசிக்குப் போய், முதலுக்கு வருகிறான்?

கை நின்றது. துண்டை உதறி விரித்தாள். அதை அச்சுத்தாளாக நினைத்து விரல் வைத்துப் பார்த்தாள். நாலாம் பக்கம், பதிமூணாம் பக்கம், பதினாறு, ஒன்று. அப்புறம் மேலே, தலைகீழாக, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, ஐந்து. மறுபடி மூன்று மடிப்பு மடித்தாள். துண்டு கைக்குள் அடக்கமாக வந்து உட்கார்ந்தது. அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் வந்து உட்கார்ந்தது.

"என்ன சிரிப்பு?" என்றார் அந்தப் பக்கமாக வந்தவர்.

"துண்டு நல்லாக் காஞ்சிருக்குங்க."

அவர் பட்டறைக்குப் போனதும் அலமாரியைத் திறந்தாள். இருந்தது. நகத்தால் தாளின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். அசையவில்லை. "ஒட்டினா ஒட்டினதுதான்" என்று கதவிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அந்தப் புத்தகம் அச்சானதே அந்தப் பெரிய அச்சகத்தில்தான். மேனேஜரம்மா விஷயத்தைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அதே தாளில் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

மடிப்பக்கா மரப்பட்டையை எடுத்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கப்புறம் அது தாளைத் தொட்டது. மூன்று மடிப்பு. ஓரத்தை வெட்டினாள். பதினாறு பக்கமும் வரிசையாக. அதை மளிகைச் சீட்டுகளோடு சேர்த்து அடுப்படி ஆணியில் குத்தி வைத்தாள். சக்கரத்தார் அந்த வீட்டில் போகாத இடமில்லை. மளிகைச் சீட்டு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

சனிக்கிழமை முழுக்க அவர் நடந்தார், அவள் சமைத்தாள். அவர் வாய் ஓயவில்லை, அவள் வாய் திறக்கவில்லை. "பயந்துட்டே போலிருக்கே" என்றார். "பயமாத்தான் இருக்கு" என்றாள். அது பொய்யுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை தவறினால் மரப்பட்டை மறுபடி துணிக்கடியில் போய்விடும். அவர் தெருவில் இருந்த நேரமெல்லாம் அவள் ஆணிப்பக்கம் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, வேளைக்கு எத்தனை வார்த்தை? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"விளையாடாதீங்க மச்சான். இது பரீட்சை. மேட்ச்."

மடிப்பக்கா கதவில் சாய்ந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டிக்குள்ள இருந்தா தீக்குச்சி. மைதானத்துல இருந்தா ஆட்டம். இன்னொண்ணும் இருக்கு, பொருத்தம். நம்ம கல்யாணத்தப்ப எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். சக்கரத்தார் ஒரு நடை நடந்தார்.

"பிளேட்."

"சாப்பிடற தட்டு. அச்சு மெஷின்ல மாட்டுற தகடு. முதல்ல சொன்னதை நீங்க ஒரு நாளும் கழுவினதில்லை."

"அர்த்தம் மட்டும் சொன்னாப் போதும். பிரஸ்."

"அச்சகம். அப்புறம், அழுத்து."

"லைட்."

"விளக்கு. கனமில்லாதது. நீங்க காய் வாங்கிட்டு வந்தா பை ரெண்டாவது அர்த்தத்துல இருக்கும்."

நடை வேகமானது. எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"நோட்."

"எழுதற நோட்டு. சின்னக் குறிப்பு."

"ஆர்டர்."

"வரிசை. உத்தரவு. இந்த வீட்டுல முதல் அர்த்தத்தை நான் பார்த்துக்கிறேன், ரெண்டாவதை நீங்க பார்த்துக்கிறீங்க."

"தங்கச்சி, இதுக்குத் தனி மார்க் உண்டா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மச்சான், நீங்க சாட்சி. சாட்சி பேசக்கூடாது. பாஸ்."

"பரீட்சையில தேறுறது. கையிலிருந்து கைக்குக் கொடுக்கறது. நான் இப்ப முதல்லதைப் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"மைன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"என்னுதுன்னு அர்த்தம். சுரங்கம்னும் அர்த்தம். உங்க அலமாரித் தட்டுல எதைத் தொட்டாலும் முதல் அர்த்தம், எதைத் தேடினாலும் ரெண்டாவது."

எட்டும் முடிந்தது. மருந்துக்கடைக்காரர் எட்டு விரலையும் விரித்துக் காட்டினார். சக்கரத்தார் அலமாரியை ஒரு தடவை பார்த்தார். கதவு சமர்த்தாக மூடியிருந்தது.

"சரி. நல்லாத்தான் சொன்னே. இப்ப நீ கேளு. எல்லாம் எனக்கு அத்துப்படி."

"லாக்."

"பூட்டு."

"இன்னொண்ணு?"

யோசித்தார். மூன்று நாளில் அந்த வார்த்தையைப் பார்த்ததாகவே நினைவில்லை.

"பெரிய பூட்டு."

"தலைமுடிக் கற்றைங்க" என்றாள் அவள், தன் காதோர முடியைச் செருகியபடி. "போகட்டும். அடுத்தது, நெயில்."

சக்கரத்தார் கட்டை விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தார். ஆட்காட்டி விரலுக்கு மாறினார். "ஆணி" என்றார். அதற்குமேல் வரவில்லை. ஐந்து விரலையும் கடித்து முடித்தும் வரவில்லை.

"மாப்ளே" என்றார் மருந்துக்கடைக்காரர், "கடிச்சதைத் துப்பிட்டுப் பாருங்க, அதுதான் பதில்."

"மூணாவது, பாயிண்ட்."

"இதெல்லாம் அந்தத் தாள்லயே இல்லை" என்று சக்கரத்தார் வெடித்தார்.

"எந்தத் தாள்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மடிப்பக்கா போய் அலமாரியைத் திறந்தாள். கதவை இரண்டு விரலால் தட்டினாள்.

"இருக்குங்க. அந்தத் தாள்ல எண்ணினா, லாக் மூணாம் பக்கம். நெயில் ஏழாம் பக்கம். பாயிண்ட் பதினஞ்சு. எல்லாம் பின்பக்கத்துல இருக்கு. நீங்கதான் கதவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துட்டீங்க."

சக்கரத்தார் அடுப்படிக் கத்தியைக் கொண்டுவந்து ஓரத்தில் விட்டுப் பார்த்தார். வெந்நீர் தொட்டுப் பார்த்தார். கதவில் பெயிண்ட் வந்தது, தாள் வரவில்லை. முப்பது வருஷப் பெருமை அது. விடுமா?

"பசை நல்ல பசைதான் மாப்ளே" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் மாடி ஏறினார். படிக்கட்டு முழுக்க அவர் சிரிப்பு கூடவே ஏறியது.

திங்கட்கிழமை காலை. மடிப்பக்கா தலை வாரி, மரப்பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நின்றாள். மேஜைமேல் ஒரு பெரிய தாளை விரித்து வைத்தாள். எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு வேலை, எண் போட்டு. சக்கரத்தார் நின்றபடியே குனிந்து பார்த்தார். கீழ் வரிசையில் நாலு, பதிமூணு, பதினாறு, ஒன்று. மேல் வரிசை தலைகீழ். கழுத்து தானாக வளைந்தது. சுளுக்கு தன்னை ஞாபகப்படுத்தியது.

"என்னம்மா இது? ஒண்ணு, அடுப்பைப் பத்த வைக்கவும். அதுக்குப் பக்கத்துலயே பதினாறு, அடுப்பை அணைக்கவும். நடுவுல எதை வச்சுச் சாப்பிடறது?"

"நடுவுல பதினாலு வேலை இருக்குங்க. பாதி பின்பக்கம். உட்கார்ந்து மூணு மடிப்பு மடிச்சீங்கன்னா வரிசையா வந்துடும்."

"உட்கார்ந்தா?"

"உட்கார்ந்துதான். நின்னுக்கிட்டு மடிச்சா கோணும்."

செருப்பை மாட்டினாள். "வரேங்க" என்றாள். படி இறங்கினாள்.

சக்கரத்தார் தாளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அலமாரியின் இன்னொரு கதவு காலியாக இருப்பதையும் பார்த்தார். பழக்கதோஷம், கை தானாக ஜன்னலோரம் போய்த் துழாவியது. அங்கே வட்டமாக ஒரு காய்ந்த தடம்தான் இருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தெருமுனையில் மடிப்பக்கா திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் பசை டப்பா.